பருவம் தொடங்குமுன் மிஸ்டர் டிலானி பட்ட பாடு

உதைபந்தாட்டப் பயிற்சியாளரின் தொழிலில் பந்து கடைசியாகத்தான் வரும். அதற்கு முதல், அதை உதைக்க ஆள் வரவேண்டும். திருவிழாவுக்கு நாடகம் பழக்கியவர்கள், பங்குக் கோவிலில் பாட்டுக்குழு நடத்தியவர்கள், ஒரு கலியாண வீட்டுக்கு நாலு குடும்பத்தை ஒரே வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனவர்கள் எல்லோருக்கும் நான் சொல்லப்போவது விளங்கும். உங்களுக்கும் எனக்கும் ஒரே வருத்தம்தான்.

என் பெயர் டிலானி. மன்னாரில் பிறந்து, பள்ளிக்கூடப் பையோடு பலெர்மோவில் வந்து இறங்கியவள். இங்கே ஒரு பெண்கள் கழகத்துக்கு நடுக்களத்தில் விளையாடினேன். முழங்கால் சவ்வு அறுந்த பிறகு பயிற்சியாளர் படிப்புப் படித்தேன். கொஞ்சக் காலமாகப் பல்கலைக்கழக மாணவிகளின் அணிக்கு உதவிப் பயிற்சியாளர். இந்தக் கோடையில் தலைமைப் பயிற்சியாளர் வேறு ஊருக்குப் போய்விட, அணி என் தலையில் வந்து விழுந்தது. அதுவும் சும்மா விழவில்லை. போன பருவத்தில் ஆள் போதாமல் சில மட்ச்சுக்கு நாங்கள் மைதானத்தில் இறங்கவே இல்லை. விளையாட்டுக்குப் பொறுப்பான பேராசிரியர் என்னைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லிவிட்டார்: செப்டெம்பர் கடைசியில் ஒரு பயிற்சி மட்ச், அதை அவர் வந்து பார்ப்பார், திருப்தியென்றால் லீக்குக்குப் பெயர் கொடுப்பார், இல்லாவிட்டால் அணியைக் கலைத்துவிடுவார்.

அவரும் பிள்ளைகளும் என்னோடு கதைத்தது இத்தாலியனில்தான். ஆனால் இத்தனை வருடத்துக்குப் பிறகு அது என் காதில் எங்கள் பேச்சாகத்தான் விழுகிறது. விழுந்தபடியே எழுதுகிறேன்.

மிஸ்டர் என்றால் மிஸ்டர்தான்

இத்தாலியில் உதைபந்தாட்டப் பயிற்சியாளரை எல்லோரும் ‘மிஸ்டர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். எங்கிருந்து வந்த பழக்கமோ தெரியாது, சின்னப் பிள்ளையிலிருந்து பெரிய ஆட்டக்காரர் வரைக்கும் அதுதான் வாயில் வரும். முதல் நாள், ஓகஸ்ட் வெயிலில் செயற்கைப் புல் சுடுகல்லாகக் கொதித்துக்கொண்டிருக்க, பிள்ளைகள் வட்டமாக நின்று விவாதித்த முதலாவது விஷயம் ஆட்டத்தைப் பற்றியது இல்லை. பெண்ணாகிய என்னை என்னவென்று கூப்பிடுவது என்பதுதான்.

ஒருத்தி ‘மிஸ்’ என்றாள். இன்னொருத்தி, அம்மணி என்கிற பொருளில், ‘சிஞ்ஞோரா’ என்றாள். பெயரைச் சொல்லியே கூப்பிடுங்கோ என்று நான் சொன்னதை ஒருவரும் கணக்கெடுக்கவில்லை. கடைசியில் கப்டன் ஜூலியா கையை உயர்த்தி எல்லோரையும் அடக்கினாள். சட்டம் படிக்கிற பிள்ளை. தீர்ப்புச் சொல்கிற குரலிலேயே சொன்னாள்: “மிஸ் எண்டால் பள்ளிக்கூடம் மாதிரி இருக்கு, சிஞ்ஞோரா எண்டால் வீட்டுக்காரியிட்டை வாடகை குடுக்கப் போற மாதிரி இருக்கு. நீங்கள் மிஸ்டராவே இருங்கோ. தோத்தாலும் ஆம்பிளையளுக்குத்தானே பேர் கெடும்!”

கோலுக்குள்ளே நின்றவள்

போன வருடத்துக் கோல்காப்பாளர் படிப்பு முடித்து மிலானுக்குப் போய்விட்டாள். கோலுக்குள்ளே நிற்க யாருக்கு விருப்பம் என்று கேட்டேன். எல்லோரும் குனிந்து தங்கள் தங்கள் சப்பாத்தைப் பார்த்தார்கள். சப்பாத்து நூல் கட்டியிருந்தவர்கள்கூட அவிழ்த்துத் திரும்பக் கட்டினார்கள். அப்போது பின்னாலிருந்து ஒரு நீளமான கை உயர்ந்தது. நொயேமி. மருந்தாளர் படிப்புப் படிக்கிறவள், சிநேகிதி இழுத்துக்கொண்டு வந்ததால் வந்தவள், அதுவரைக்கும் வாயே திறக்கவில்லை.

பக்கத்தில் நின்று சில பந்தை அடித்துப் பார்த்தேன். கண்ணை மூடவில்லை, முகத்தைத் திருப்பவில்லை, இரண்டு கையாலும் பிடித்தாள். எனக்கு உள்ளே குளிர்ந்துபோயிற்று. எல்லோரையும் கூப்பிட்டு, அணியென்றால் இப்படித் துணிந்து முன்னுக்கு வருகிற ஆட்கள்தான் வேண்டும் என்று நல்ல நீளமாக ஒரு பேச்சுப் பேசினேன். நொயேமி அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்: “துணிவும் இல்லை ஒண்டும் இல்லை, மிஸ்டர். எனக்கு ஓடப் பிடிக்காது. இந்த ஒரு இடத்திலைதான் நிண்டுகொண்டு விளையாடலாமெண்டு சொன்னவை.”

வெண்டிக்காய் வாங்கப் போன இடத்தில்

கோல் போட ஆள் இல்லை. இருந்தவர்களை முன்னுக்குப் போட்டுப் பார்த்தால், பந்து வருகிற இடத்துக்கு அவர்கள் போய்ச் சேர முதல் எதிர்ப்பக்கம் தண்ணீர் குடித்துவிட்டு வந்துவிடும். இந்தக் கவலையோடு ஒருநாள் பல்லரோ சந்தையில் வெண்டிக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றேன். பக்கத்துக் கடை, ஆபிரிக்கப் பெண்கள் வைத்துப் பின்னுகிற தலைமுடியும் மரவள்ளிக்கிழங்கும் விற்கிற கடை. அதிலிருந்து ஒரு பெண் கையில் யாரோ மறந்துவிட்டுப் போன கைத்தொலைபேசியோடு பாய்ந்து வெளியே வந்தாள். போனுக்குரியவன் ஸ்கூட்டரில் ஏறிவிட்டான். சந்தையில் சனிக்கிழமை எப்படியிருக்கும் என்று தெரியுந்தானே. மீன் பெட்டி, குடை, கைவண்டி, தள்ளுவண்டியில் குழந்தை, நடுவில் நின்று நியாயம் கதைக்கிற கிழவர்கள். அவள் இதெல்லாவற்றுக்கும் இடையால், ஒருவருக்கும் முழங்கை படாமல், மீன் தட்டிலிருந்த ஐஸ்கூடச் சிதறாமல் ஓடி, சந்தி திரும்ப முதல் அவனைப் பிடித்துவிட்டாள்.

வெண்டிக்காயைப் போட்டுவிட்டு அவளுக்குப் பின்னால் போனேன். திரும்பி வந்தவளுக்கு மூச்சு வாங்கவில்லை, எனக்கு வாங்கியது. பெயர் பிளெசிங், இதே ஊரில் பிறந்தவள், பல்கலைக்கழகத்தில் மொழி படிக்கிறாள். உதைபந்து விளையாடியிருக்கிறாயோ என்று கேட்டேன். பள்ளிக்கூட முற்றத்தில் பெடியன்களோடு விளையாடியதோடு சரி என்றாள். அம்மா சம்மதிக்கவேண்டும் என்று கடைக்குள்ளே எட்டிப் பார்த்தாள். நான் உள்ளே போய் மரியாதையாக விளக்கத் தொடங்கினேன். தாய்க்காரி முழுவதையும் கேட்கவில்லை. “இப்பவே கூட்டிக்கொண்டு போங்கோ. வீட்டுக்குள்ளை ஓடி ஓடி என்ரை பீங்கானெல்லாம் உடைச்சுப்போட்டாள்!”

முந்தினால் குற்றம்

பிளெசிங் வந்த முதல் பயிற்சியிலேயே பின்வரிசைப் பிள்ளைகள் களைத்துப்போனார்கள். பந்தை முன்னுக்குத் தட்டினால் போதும், அவள் அங்கே நிற்பாள். சிக்கல் என்னவென்றால், பந்தைத் தட்ட முதலே அங்கே நிற்பாள். ஓஃப்சைட் என்று ஒரு சட்டம் இருப்பது அவளுக்குத் தெரியாது. பந்து புறப்படுகிற நேரம் எதிர்ப்பக்கத்துக் கடைசிப் பின்வரிசைக்காரியைத் தாண்டி நிற்கக்கூடாது என்று நான் சொன்னேன். எனக்கு உதவியாயிருந்த தோத்தோ மாமா தண்ணீர்ப் போத்தல்களை நிரையாக வைத்து விளக்கினார். ஜூலியா சட்டப் புத்தகத்தில் வருகிற மாதிரி எடுத்துச் சொன்னாள்.

பிளெசிங் எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டாள். தலையை ஆட்டினாள். விசில் ஊதியதும் போய்ப் பழையபடி அதே இடத்தில் நின்றாள். தோத்தோ மாமா கொடியை உயர்த்தி உயர்த்தித் தோள்மூட்டு நோகிறது என்று உட்கார்ந்துவிட்டார். கடைசியில் அவள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். கோபமில்லை, உண்மையாகவே விளங்காத முகம். “மற்றவைக்கு முதல் போய் நிக்கிறது குற்றமெண்டால், வேகமா ஓடுறவளைத் தேடி நீங்கள் என்னத்துக்கு மிஸ்டர் சந்தைக்கு வந்தனீங்கள்?”

மலையில் கண்ட அவமானம்

காலில் பலம் வரவேண்டுமென்று ஒரு ஞாயிறு விடியற்காலை எல்லோரையும் மொண்டே பெல்லெக்ரீனோ அடிவாரத்துக்கு வரச்சொன்னேன். சாந்தா ரொசாலியாவின் குகைக் கோவிலுக்குப் போகிற பழைய கல்லுப் பாதை, வளைந்து வளைந்து மேலே ஏறும். ஓடி ஏறுவது திட்டம். முதலாவது வளைவில் ஓட்டம் நடையாயிற்று, மூன்றாவது வளைவில் நடையும் நின்றுவிட்டது. எங்கள் இடதுபக்கப் பின்வரிசைக்காரி தர்சினி ஒரு கல்லில் குந்தி, இனி என்னைக் கீழே உருட்டிவிடுங்கோ என்றாள். அணியில் என்னைவிட்டால் தமிழ்ப்பிள்ளை அவள் ஒருத்திதான். யாழ்ப்பாணத்துத் தாய் தகப்பன், பிறந்தது இங்கே, கோபம் வந்தால் சிசிலியன்தான் வாயில் வரும்.

அந்த நேரம் கீழேயிருந்து எங்களுடைய சனம் ஏறி வந்தது. ஞாயிற்றுக்கிழமையில் ரொசாலியா அம்மாவிடம் போகிறவர்கள். சைவமும் கிறிஸ்தவமும் கலந்து, ஆறேழு பெண்கள், கையில் பூவும் மெழுகுதிரியும், காலில் செருப்பில்லை. கதைத்துக்கொண்டே வந்தார்கள். அதில் முன்னுக்கு வந்தவர் யோகாக்கா, தர்சினியின் தாய். கிழமை முழுக்க ஒரு வயதான சிஞ்ஞோராவைத் தூக்கி இருத்தி, தூக்கிக் கிடத்தி வேலை செய்கிறவர். பல்கலைக்கழகத்து வீராங்கனைகள் பாதையோரம் விழுந்து கிடக்கிற கோலத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். மூச்சு ஒரு துளி மாறவில்லை. மகளிடம் கேட்டார்: “சப்பாத்து வாங்கித் தந்தது குந்தியிருந்து பாக்கவோ, பிள்ளை? கழட்டிக் கையிலை வைச்சுக்கொண்டு நட!”

பிடித்தது மட்டும் போதும்

தோத்தோ மாமாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். கபோ சந்தையில் பழக்கடை வைத்திருப்பவர். இளமையில் சிறிய கழகங்களுக்குக் கோல்காப்பாளராக நின்றவர். வளைந்துபோன இரண்டு விரல் அதற்குச் சாட்சி. மத்தியானத்தோடு கடையைச் சாத்திவிட்டு எங்களிடம் வருவார். ஒரு கிழமை மைதானத்தில் ஏதோ திருத்த வேலையென்று கதவைப் பூட்டிவிட்டார்கள். மற்றவர்களைக் கடற்கரைக்குக் கொண்டுபோனேன். நொயேமியை என்ன செய்வது? என்னிடம் அனுப்பு என்றார் மாமா.

போய்ப் பார்த்தால் கடைக்கு முன்னால் சனக் கூட்டம். மாமா எலுமிச்சம்பழக் குவியலுக்குப் பக்கத்தில் நின்று, சாமான் வாங்க வந்தவர்களோடு கதைத்துக்கொண்டே, பார்க்காத மாதிரி இருந்து ஒரு பழத்தை எறிவார். எப்போது வரும், எந்தப் பக்கத்தால் வரும் என்று தெரியாது. எதிர்க் கடைச் சுவரோடு நொயேமி. இடதுகைப் பக்கம், வலதுகைப் பக்கம், தலைக்கு மேலே. பிடித்தால் கூட்டம் கைதட்டும், விட்டால் மீன்கடைக்காரன் ஊளையிடுவான். அவள் முகம் சிவந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, ஓடப் பிடிக்காதவள் அந்த ஒடுங்கின தெருவில் பாய்ந்து பாய்ந்து பிடித்தாள். கூட்டத்துக்கு முன்னால் கூடையோடு நின்ற ஒரு சிஞ்ஞோராவுக்குப் பொறுமை போய்விட்டது. “தோத்தோ, எனக்கு ஒரு கிலோ போடு. ஆனால் கீழை விழுந்ததைத் தலையிலை கட்டாதை. அந்தப் பிள்ளை பிடிச்சதுகளை மட்டும் தா!”

வேலிக்கு அந்தப் பக்கம்

மலையிலே கண்ட காட்சி யோகாக்காவின் மனதை உறுத்தியிருக்கவேண்டும். அதற்குப் பிறகு வேலை முடிந்ததும் நேரே மைதானத்துக்கு வந்து கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். சும்மா நிற்கிறதில்லை. “விடாதை! விடாதை! பின்னாலை வாறாள், பின்னாலை! திருப்பு! அடி, அடி, அடி!” மகளுக்குச் சொல்வதுதான். ஆனால் அந்தக் குரல் மைதானத்தின் மறுபக்கத்துக்கும் கேட்கும். என் குரல் பாதியிலே நின்றுவிடும்.

தர்சினிக்கு வெட்கம். அம்மாவை வரவேண்டாமென்று சொல்லுங்கோ அக்கா என்று என்னைக் கெஞ்சினாள். மைதானத்துக்கு வெளியே நான் அவளுக்கு அக்கா, உள்ளே மிஸ்டர். நானும் எப்படிச் சொல்வதென்று யோசித்துக்கொண்டிருந்தேன். இதற்கிடையில் ஒருநாள் பயிற்சி ஆட்டம் நடந்துகொண்டிருக்க, தர்சினிக்குப் பின்னால் ஒருத்தி பந்தைப் பறிக்க வந்தாள். நடுக்களத்திலிருந்து ஒரு குரல்: “பின்னாலே!” யோகாக்கா இல்லை. ஜூலியா! கொஞ்ச நேரத்தில் நொயேமி கோலுக்குள்ளிருந்து “விடாத்தே!” என்றாள். பிளெசிங்கின் “அடீ!” சுத்தத் தமிழ். கேட்டுக் கேட்டே பாடமாகியிருக்கிறது. பலெர்மோவில் எந்த எதிர் அணிக்கும் விளங்காத பாஷை ஒன்று இலவசமாகக் கிடைத்திருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஓடிப்போய் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று, அக்கா நாளைக்கும் கட்டாயம் வாங்கோ என்றேன். யோகாக்கா கம்பியைவிட்டுக் கையை எடுக்கவில்லை. “நான் வாறது இருக்கட்டும் தங்கச்சி, முதல் அந்த நெட்டைப் பிள்ளைக்கு ‘விடாதை’ எண்டு ஒழுங்காச் சொல்லப் பழக்கு. கேட்க எனக்குக் காது கூசுது.”

ஜூலியாவின் முழங்கால்

சிரிக்காமல் சொல்லவேண்டிய ஒன்றும் இருக்கிறது. போன பருவத்தின் நடுவில் ஜூலியாவின் முழங்கால் சவ்வு அறுந்தது. எனக்கு அறுந்த அதே சவ்வு. எனக்கு அதோடு ஆட்டம் முடிந்தது. அவளுக்குச் சத்திரசிகிச்சை நன்றாக அமைந்து, வைத்தியர் விளையாடலாம் என்று சொல்லிவிட்டார். கால் சரி. ஆனால் பந்துக்காக இன்னொருத்தியோடு மோதவேண்டிய நேரம் வந்தால் கடைசிக் கணத்தில் காலை இழுத்துக்கொள்வாள். வேறு யாரும் கவனித்தார்களோ தெரியாது, எனக்கு ஒவ்வொரு முறையும் என் முழங்காலே இழுபட்டது.  இப்படியான நேரம் எனக்கு ஆட்கள் சொன்ன ஆறுதல் ஒன்றும் உதவவில்லை. நான் அவளுக்கு என்னத்தைச் சொல்ல?

ஒரு பின்னேரம் சிரோக்கோ காற்று அடித்துக்கொண்டிருந்தது. ஆபிரிக்காப் பக்கமிருந்து மணலையும் சூட்டையும் கொண்டுவந்து முகத்தில் கொட்டுகிற காற்று. உயரப் போன பந்து காற்றில் திரும்பி வர, ஜூலியாவும் பிளெசிங்கும் இரண்டு பக்கத்தாலும் அதையே பார்த்து ஓடிவந்தார்கள். ஜூலியா இழுத்துக்கொள்ள நேரம் இருக்கவில்லை. மோதிய சத்தம் எனக்குக் கேட்டது. இரண்டு பேரும் விழுந்தார்கள். பிளெசிங் எழும்பி அழத் தொடங்கிவிட்டாள். ஜூலியா முழங்காலைக் கட்டிப் பிடித்தபடி சுருண்டு கிடந்தாள்.  நான் ஓடிப்போய்ப் பக்கத்தில் முழந்தாளிட்டேன். 

அவள் மெதுவாகக் காலை நீட்டினாள். மடக்கினாள். திரும்ப நீட்டினாள். பிறகு தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள், கண்ணால் தண்ணீர் ஓட ஓட. பிளெசிங்கின் கையைப் பிடித்து எழும்பி நின்று, மண்ணைத் தட்டிக்கொண்டு சொன்னாள்: “இவ்வளவுதானோ? இதுக்கோ நான் இத்தனை மாசமாப் பயந்து செத்தனான்?”

மொண்டெல்லோ முதலாளி

பயிற்சி மட்ச்சுக்கு நாள் குறித்தார்கள்: ஞாயிறு பின்னேரம். கடலோரப் பக்கத்துப் பெண்கள் கழகம் ஒன்று, எங்களைவிட ஒரு பிரிவு மேலே விளையாடுகிறவர்கள், வர ஒத்துக்கொண்டார்கள். எல்லாம் சரி. ஃபெதெரிக்காவுக்கு மட்டும் லீவு கிடைக்கவில்லை. எங்கள் நடுக்களத்தின் இயந்திரம் அவள். மொண்டெல்லோக் கடற்கரையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பரிமாறுகிறாள். செப்டெம்பரிலும் அங்கே ஞாயிற்றுக்கிழமை சனம் கடலுக்குள்ளே நிற்க இடமில்லாமல் வரும். அன்றைக்கு லீவு கேட்கிறவள் அதற்கு அடுத்த நாள் வரவேண்டாம் என்று முதலாளி சொல்லிவிட்டாராம்.

முதலாளியோடு வாதாடி வெல்லலாமென்று எனக்கு நம்பிக்கை இல்லை. ஆகவே பயிற்சியையே அவருடைய கடைக்கு முன்னால் கொண்டுபோனேன். விடியற்காலை, குளிக்கிறவர்கள் வர முதல், மணலில் இரண்டு பக்கமும் சப்பாத்தைக் குவித்து கோல் வைத்து ஆட்டம். ஃபெதெரிக்கா அன்றைக்கு என்ன நினைத்து விளையாடினாளோ தெரியாது. மணலில் கால் புதையப் புதைய, எல்லா மூலையிலும் அவள்தான் நின்றாள். கடை திறக்க வந்த முதலாளி கையில் திறப்புக் கொத்தோடு நின்றுவிட்டார். பிறகு ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்துவிட்டார். முடிய, நான் போய் வணக்கம் சொல்லி, ஞாயிறு பின்னேரம் மட்டும் அவளைத் தாருங்கோ என்று கேட்டேன். அவர் கதிரையைவிட்டு எழும்பினார். ஃபெதெரிக்காவை மேலும் கீழும் பார்த்தார். “போகட்டும், நானும் வந்து பாக்கிறன். ஆனால் மிஸ்டர், இவ்வளவு ஓட்டம் ஓடுறவள் என்ரை கடையிலை ஒரு கோப்பி கொண்டுபோய் வைக்க ஏன் அரை மணித்தியாலம் எடுக்கிறாள் எண்டு மட்டும் கேட்டுச் சொல்லுங்கோ.”

அந்த ஞாயிறு

பேராசிரியர் கறுப்புக் கண்ணாடியோடு வந்து பார்வையாளர் படிகளின் நடுவில் இருந்தார். அவருக்கு ஒரு பக்கம் மொண்டெல்லோ முதலாளி, மறுபக்கம் பிளெசிங்கின் தாய். யோகாக்கா கதிரை வேண்டாமென்று வேலிக்குப் போய்விட்டார். மலையேறுகிற கூட்டம் முழுவதும் அவரோடு. கபோவிலிருந்து மீன்கடைக்காரனும் வந்திருந்தான். பதினொரு பேர் உள்ளே, வெளியே மாற்று ஆட்கள் இருக்கிற நீள வாங்கு நிறையப் பிள்ளைகள். போன வருடம் அந்த வாங்கில் என் தண்ணீர்ப் போத்தல் மட்டும் தனியாக இருந்தது. இந்த முறை அதை வைக்க இடமில்லாமல் நான் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன்.

தொடக்கம் நல்லதாக இல்லை. சும்மா உருண்டு வந்த பந்து நொயேமியின் கையால் நழுவி உள்ளே போயிற்று. மீன்கடைக்காரன் ஊளையிட்டான். பிளெசிங் எத்தனை முறை ஓடினாளோ அத்தனை முறையும் கொடி உயர்ந்தது. பேராசிரியர் மணிக்கூட்டைப் பார்த்ததை நான் கண்டேன். ஆனால் ஒன்று நடந்துகொண்டிருந்தது. அவளுடைய வேகத்தைக் கண்டு மிரண்ட எதிர்ப்பக்கப் பின்வரிசை, அவள் எங்கே போனாலும் கூடவே இழுபட்டுப் போகத் தொடங்கியது. இடைவேளைக்குப் பிறகு ஃபெதெரிக்கா பந்தோடு வர, பிளெசிங் வலதுபக்கம் பாய, இரண்டு பேர் அவளோடு ஓட, நடுவில் ஜூலியா தனியாக. தனியாக என்றால் முழுக்கத் தனியாக இல்லை. ஒரு பெரிய பின்வரிசைக்காரி காலை நீட்டிக்கொண்டு பாய்ந்து வந்தாள். ஜூலியா காலை இழுக்கவில்லை. இரண்டு காலும் பந்தில் ஒன்றாக மோத, பந்து ஜூலியாவோடு வந்தது, அடுத்த அடியில் வலைக்குள்ளே போயிற்று.

சமநிலை என்றாலே நான் சந்தோசமாக வீட்டுக்குப் போயிருப்பேன். அவர்களுக்கு அது அவமானம். கடைசி நேரத்தில் எல்லோருமாக எங்கள் கோலுக்கு முன்னால் வந்து குவிந்தார்கள். பக்கத்திலிருந்து அடித்த ஒரு அடியை நொயேமி முகத்தால் மறித்தாள். மூக்கால் இரத்தம் வர, பந்து வெளியே தெறித்து தர்சினியின் காலில் விழுந்தது. “பின்னாலே!” என்று நாலு பக்கமும் கத்தல். அவள் திரும்பிப் பார்க்காமலே ஒருத்தியை வெட்டிக்கொண்டு இடதுபக்கக் கோட்டோரம் ஓடினாள். வேலியில் தமிழ்ச் சனம் முழுவதும் அவளோடு சேர்ந்து ஓடியது. மறுபக்கத்தில் பிளெசிங், வாழ்க்கையில் முதல் தடவையாகப் பின்வரிசைக்காரிக்குச் சமமாகக் காலை ஊன்றிக் காத்துக்கொண்டு நின்றாள். அவளுக்கென்று தர்சினி உயர்த்தி அடித்த பந்து காற்றில் வளைந்தது. பிளெசிங்குக்குப் போகவில்லை. கோல்காப்பாளரின் விரலுக்கு மேலால், தூர மூலையில் போய் இறங்கியது. எனக்கு விளங்க ஒரு கணம் எடுத்தது. பிறகு நான் ஓடினேன், என் பழுதான முழங்காலோடு, மைதானத்தின் மூலைவரைக்கும். எல்லோரும் என்மேல் விழுந்தார்கள். அடியிலே கிடந்தபோது, எனக்கு மேலே எங்கேயோ கிடந்த தர்சினியின் குரல் மூச்சு முட்டக் கேட்டது: “மிஸ்டர், ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதையுங்கோ, நான் அதைப் பிளெசிங்குக்குத்தான் அடிச்சனான்!”

பேராசிரியரின் சந்தேகம்

விசில் ஊதி, எல்லோரும் பாடி, ஆடி, நொயேமியின் மூக்கில் ஐஸ் வைத்து ஓய்ந்த பிறகு பேராசிரியர் இறங்கி வந்தார். ஒவ்வொரு பிள்ளைக்கும் கைகொடுத்தார். லீக்குக்கு நாளைக்கே பெயர் கொடுக்கிறேன் என்றார். நான் பதில் சொல்ல முதல் எனக்குப் பின்னால் எழும்பிய கூச்சலில் அவர் கண்ணாடி நழுவியது. ஜூலியா ஃபெதெரிக்காவைத் தூக்கினாள், பிளெசிங் மைதானத்தைச் சுற்றி ஓடினாள், தோத்தோ மாமா வளைந்த விரலால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, காற்று மண்ணை அள்ளிப் போடுகிறது என்றார். அன்றைக்குக் காற்றில் மண் இருக்கவில்லை.

பேராசிரியர் போகாமல் நின்றார். ஏதோ கேட்க விருப்பம், கேட்க வெட்கம். கடைசியில் என்னை ஒரு பக்கமாகக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “அந்த வேலியிலை நிண்டு கத்தின சிஞ்ஞோரா எந்தக் கழகத்திலை பயிற்சியாளரா இருந்தவ? அவவை எப்பிடியாவது எங்கடை அணியிலை சேத்துப்போடுங்கோ!”

லீக் இன்னும் தொடங்கவேயில்லை, ஒரு புள்ளிகூட எங்கள் பெயரில் இல்லை, ஆனாலும் அடுத்த கிழமை முழுவதும் நான் சிசிலி முழுவதையும் வென்ற ஆள் மாதிரித்தான் பஸ்ஸுக்கு நின்றேன்.